கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன்

இயேசு மரி சூசை

திண்டிவனம்,
20-6-1983

லூர்துசெல்விக்கு,

அண்ணன் பெரியநாயகம் எழுதுவது. ஒரு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்று உன் கடிதம் வந்த அன்றே, ஒரு பதிலோடு இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் மாற்றமில்லை. இது அப்பாவுக்காக எழுதுவது.

போன மாதக் கடைசியில் அப்பா விடியற்காலைப் பூசைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனவர் பீடத்துப் படியிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் காலும் அசையவில்லை. பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உன் அண்ணி ஊரிலேயே தங்கிக் கவனித்துக்கொள்கிறாள். நான் இங்கே பள்ளிக்கூடம் முடிந்ததும் சனிக்கிழமை தோறும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிறேன்.

அவருக்குப் பேச்சு குழறுகிறது. தண்ணீர் கேட்டாலும் சரி, சோறு கேட்டாலும் சரி, எங்களுக்குப் புரிய நேரமாகிறது. ஆனால் ‘ரோமாபுரி’ என்ற வார்த்தை மட்டும் பூசையில் வாசகம் படித்த காலத்தில் எப்படி வருமோ அப்படியே வருகிறது. உபதேசியார் ஞானராஜின் மகள் ரோமாபுரியில் கன்னியாஸ்திரி. அவருக்கு இந்த ஊரில் உள்ள மரியாதை முழுக்க அதுதான். நீ வெளியே வந்தது அவருக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் உன் அண்ணிக்கும் தவிர.

இது ஜூபிலி வருடம். ரோமாபுரி இராயப்பர் பேராலயத்தின் புனிதக் கதவு திறந்திருக்கிறது, அதன் வழியாக நுழைந்து செபிப்பவர்களுக்குப் பாவத் தண்டனை முழுக்க நீங்கும் பரிபூரண பலன் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னாராம். அன்றிலிருந்து அப்பா, “எம் பொண்ணு எனக்காக அந்தக் கதவுல நொழைவா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பது ஒரே ஒரு போட்டோ. அந்தக் கோயில் முன்னால் நீ மடத்து உடுப்பில் நிற்கிற போட்டோ.

எனக்கு டைபாய்டு வந்து நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டபோது அப்பா மாதா சுரூபத்துக்கு முன்னால் என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியும். பையன் பிழைத்தால் பெண்ணை உனக்குத் தருகிறேன் என்றார். நான் பிழைத்தேன். நீ போனாய். கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

போட்டோவை அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பெரியநாயகம்


ரோம்,
11-7-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். எழுதாமல் எப்படி இருப்பேன்? அப்பா விழுந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. நான் இங்கே ஒரு விதவை அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன். எழுபது தாண்டியவர், சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் அப்பாவின் இடது கையை அங்கே யார் இப்படித் தூக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஊரான் வீட்டுக்கு நான் செய்வதை என் அப்பாவுக்குச் செய்ய முடியவில்லை.

உடுப்பு என்னிடம் இல்லை, அண்ணா. துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டிலின் மேல் வைத்துவிட்டு வந்தேன். மதர் என்னைத் திட்டவில்லை. ஒரு பெட்டியும் பழைய கோட்டும் கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பினார்.

போன வருடம் எழுதிய கடிதத்தில் ‘எவனை நம்பி வெளியே வந்தாய்’ என்று கேட்டிருந்தீர்கள். எவனும் இல்லை. சாகும் வரை மடத்தில் இருப்பேன் என்கிற நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் எங்களுக்குப் பதில்களைச் சொல்லிக் கொடுத்துப் பழக்கினார்கள். ‘உன் சொந்த விருப்பத்தோடு வந்தாயா’ என்று கேட்பார்கள். ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். மற்ற எல்லாப் பதிலும் எனக்கு வந்தது. அந்த ஒரு ‘ஆம்’ மட்டும் வரவில்லை. பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்வதை விட வெளியே வந்து பாத்திரம் கழுவலாம் என்று தோன்றியது. இதில் உங்களுக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? மாதாவுக்கு என்னைப் பிடிக்காமல் போயிருந்தால் என்னைத்தானே கேட்பாள்.

அம்மா செத்ததை எனக்கு மடத்தில் ஒரு மாதம் கழித்துச் சொன்னார்கள். அப்பாவையும் அப்படி விட எனக்கு மனமில்லை. நான் ஊருக்கு வருகிறேன். உடுப்போடு இல்லை, சேலையில்தான். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். திட்டினால் திட்டட்டும். ஒரு கையால் என்ன பெரிதாக அடித்துவிடப் போகிறார்?

வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
செல்வி


இயேசு மரி சூசை

திண்டிவனம்,
1-8-1983

லூர்துசெல்விக்கு,

உன் கடிதம் வந்த வாரம் எங்கள் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. உன் அண்ணி அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, வேளாங்கண்ணி மாதாவுக்குக் காசு முடிந்து வைத்தாள். பிறகுதான் இறங்கியது. மாதா உன்னைத்தான் கேட்பாள் என்று எழுதியிருந்தாயே, யாரைக் கேட்கிறாள் என்று இப்போது பார்.

வராதே. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. வெட்டின தலைமுடியும் சேலையுமாக நீ பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தால், நீ வாசலுக்கு வருவதற்குள் செய்தி வீட்டுக்குள் வந்துவிடும். அப்பாவுக்கு அந்த நிமிடமே உயிர் போய்விடும். அந்தப் பாவத்தை நீ சுமந்துகொள்வாயா? கோயிலில் ஊரே பார்க்க எழுந்து நின்று உன்னைக் கொடுத்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் நான்கு பேராவது கேட்கிறார்கள். “சிஸ்டருக்குச் சேதி சொல்லிட்டீங்களா சார்? அவங்க வேண்டிக்கினா தாத்தா எழுந்து உக்காந்துடுவாரு” என்கிறார்கள். பரலோக மாதா திருநாள் வருகிறது. வருடா வருடம் தேருக்கு முன்னால் முதல் மெழுகுவர்த்தி அப்பா கையில்தான். இந்த வருடம் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது உபதேசியாருக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறாயா? சிஸ்டரின் தகப்பனாருக்குச் செய்வது.

உடுப்பு இல்லை என்கிறாய். ஊர் முழுக்கக் கன்னியாஸ்திரிகள் இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் உடுப்பு கிடைக்காதா? கடையில் விற்க மாட்டார்களா? போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புவதில் உனக்கு என்ன குறைந்துவிடும்? சாகப் போகிறவருக்குச் சொல்லும் பொய்யை ஆண்டவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பெரியநாயகம்


ரோம்,
23-8-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

போய் வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் திட்டலாம்.

ஆகஸ்டில் இந்த ஊரே கடற்கரைக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டு அம்மாவையும் அவர் மகன் அழைத்துக்கொண்டு போயிருந்தான். என்னைக் கேட்பார் இல்லாத ஒரு வாரம். இராயப்பர் பேராலயத்துக்கு மடத்தில் இருந்தபோது எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இரண்டிரண்டு பேராக வரிசையில் போவோம். எனக்கு முன்னால் போகிற சிஸ்டரின் குதிகால்தான் நான் பார்த்த பேராலயம். தனியாகப் போனது இதுதான் முதல் தடவை.

நீங்கள் சொன்ன மாதிரி கடைக்கும் போனேன். அங்கே பக்கத்துத் தெருக்களில் சாமியார் அங்கியும் கன்னியாஸ்திரி உடுப்பும் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணாடிக்குள் தலை இல்லாத பொம்மைகளுக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போனேன். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தே, ‘எந்தச் சபை, சிஸ்டர்?’ என்று கேட்டாள். இங்கே என் நிறத்தில் ஒருத்தி இருந்தால் மடத்துப் பெண் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சபைப் பெயரைச் சொல்லியிருந்தால் அளவெடுத்திருப்பாள். நான் வெளியே வந்துவிட்டேன். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அதைக் கழற்ற எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. ஒரு போட்டோவுக்காகத் திரும்பப் போட்டால் மறுபடி கழற்ற எனக்குத் தெம்பு இருக்காது.

ரயிலேற்றிவிட்ட அன்று அப்பா எடுத்துக் கொடுத்த வெந்தயக் கலர் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். பெட்டியின் அடியிலேயே கிடந்ததால் மடிப்பில் சாயம் போயிருக்கிறது. வாசல் மண்டபத்துக் காவல்காரன் நிறுத்தி, என் இடுப்பைக் காட்டித் தலையை ஆட்டினான். தோளும் இடுப்பும் தெரிந்தால் உள்ளே விடுவதில்லை. முந்தானையை இழுத்து, நம் ஊரில் பூசையில் நன்மை வாங்கப் போகிற மாதிரி தலைக்கு முக்காடு போட்டு, மிச்சத்தை இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டேன். போ என்றான்.

செருப்பை வெளியே ஒரு தூணோரம் விட்டேன். அத்தனை ஆயிரம் பேரில் செருப்பை விட்டது நான் ஒருத்திதான். கால் தானாக அப்படிச் செய்துவிட்டது.

புனிதக் கதவில் ஒரே நெரிசல். கொடி பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பாடினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் நிலைக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை உள்ளே வைத்து, ‘இது எனக்கு இல்லை, உபதேசியார் ஞானராஜுக்கு’ என்று தமிழில் வாய் விட்டே சொன்னேன். மடத்தில் இருந்த வருடங்களில்கூட நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. அப்பாவின் பலன் அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

உள்ளே வலது பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மாதா, செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் அந்தச் சிலையின் அழகைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு, பரவாயில்லை, இவளைப் பிள்ளையின் சாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அப்புறம் இராயப்பரின் வெண்கலச் சுரூபம். வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பாதத்தில் விரல்களே இல்லை, மொழுக்கென்று இருக்கிறது. என் கைக்குட்டையை அந்தப் பாதத்தில் நன்றாகத் தேய்த்து எடுத்தேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் நான் துடைக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவின் இடது கைக்குள் வையுங்கள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. மடத்தை விட்டு வந்த புதிதில் அது பெரிய நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு என்னவோ, யாராவது ஒருவர் வந்து, எந்த ஊர், யார் பெண் என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். குப்பையோடு கூட்டிவிட்டார்கள் போல. கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு மைதானத்தின் நடுவுக்குப் போய், அங்கே இருந்த போட்டோக்காரனிடம் நின்றேன். சிரி சிரி என்றான். அப்பா பார்க்கப் போகிற படம் என்று நினைத்ததும் சிரிப்பு தானாக வந்தது. பாருங்கள், பல் தெரியச் சிரித்திருக்கிறேன்.

உடுப்பு எங்கே என்று அப்பா கேட்டால், உங்க பொண்ணு வெளியே வந்துட்டா, நல்லா இருக்கா என்று சொல்லுங்கள். அவர் தாங்குவார். தாங்க மாட்டார் என்பது நீங்கள் சொல்வதுதான்.

நான் வரலாமா என்று மறுபடியும் கேட்கிறேன்.

செல்வி


இயேசு மரி சூசை

திண்டிவனம்,
14-9-1983

லூர்துசெல்விக்கு,

அப்பா போன வெள்ளிக்கிழமை காலமானார். பத்தாம் தேதி மதியம் அடக்கம். அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சாகும் நேரத்து அவஸ்தைப் பூசுதல் முதல் நாளே கொடுத்தாயிற்று. மூன்று சாமியார்கள் வந்திருந்தார்கள். கூட்டம் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே மல்லாட்டை விதைத்த கொல்லை வரை நின்றது.

உனக்கு ஏன் தந்தி கொடுக்கவில்லை என்று கேட்பாய். கொடுத்தால் நீ கிளம்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய கோலத்தில் அதை அப்பாவிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அரங்கநாதன் என்பவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படங்களில் இல்லாத நகையைக்கூட பிரஷ்ஷால் போட்டுக் கொடுப்பார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ முக்காடு போட்டிருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் பெரிதாகக் காப்பி எடுத்து, சேலையை அங்கியாக்கி, முக்காட்டை மடத்து முக்காடாக்கி, கழுத்தில் ஒரு சிலுவையும் எழுதிவிட்டார். பின்னால் கோயில் அப்படியே இருக்கிறது. முடிந்ததும், “சார், சிஸ்டரு பல்லு தெரிய சிரிச்சிக்கினு இருக்காங்க, கொஞ்சம் அமைதியா இருந்தா எடுப்பா இருக்குமே” என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. வாயை மூடிவிடுங்கள் என்றேன்.

பிரேம் போட்டுக் கொண்டுபோய் அப்பாவின் வலது கையில் கொடுத்தேன். நீ கதவில் நுழைந்ததையும், அவர் பெயரைச் சொன்னதையும் படித்துக் காட்டினேன். அந்தப் பகுதியை மட்டும் படித்தேன். கண்ணீர் வழியக் கேட்டார். பிறகு படத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் பயந்துகொண்டே நின்றேன். உடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “புள்ள ஏன்டா சிரிக்கல?” என்றார்.

அவர் கடைசியாக முழுதாகப் பேசியது அதுதான்.

கைக்குட்டையை அவருடைய இடது கையில் செபமாலையோடு சேர்த்துச் சுற்றி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். அதை மட்டும் நீ சொன்னபடி செய்தேன்.

பெரியநாயகம்


தந்தி
ரோம், 29-9-1983

அப்பா செய்தி கிடைத்தது. கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். செல்வி.


திண்டிவனம்,
4-10-1983

செல்விக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்டோபர் மாதச் செபமாலை முதல் நாள் நம் வீட்டில் நடக்கட்டும் என்று சாமியார் சொல்லியிருந்தார். அப்பா பேருக்கு ஒரு மரியாதை. சனிக்கிழமை சாயங்காலம் கூடத்திலும் தெருவிலுமாகப் பெண்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். செபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தபோது விழுப்புரத்திலிருந்து தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

நம் ஊரில் தந்தி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். இதுவரை ஒரு தந்தியாவது கல்யாணத்துக்கு வந்திருக்கிறதா? செபமாலை அப்படியே நின்றுவிட்டது. நான் பிரித்துப் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தது, அங்கே வேறு யாராலும் படிக்க முடியாது. நீ வருகிறாய் என்று படித்ததும் தாளை நாலாக மடித்துக் கையில் மூடிக்கொண்டேன். எதிர்வீட்டுச் சின்னபொண்ணு என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “ரோமாபுரியிலிருந்தா சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உண்மைதானே. நான் சொன்னது அந்த ஒரே வார்த்தை.

“ஐயோ, அப்பன் பின்னாடியே பொண்ணும் போயிட்டாளே” என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். அடுத்த நொடி கூடம் முழுக்க ஒப்பாரி. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். பிடியை விடவில்லை. இல்லை, சாகவில்லை, வருகிறாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? எப்போது வருகிறாள், எந்த மடத்தில் தங்குவாள், யார் போய் மாலை போட்டு அழைத்து வருவது? நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே மணியடிக்கிற சூசைநாதன் கோயிலுக்கு ஓடிவிட்டான். துக்க மணி கேட்டது. அடித்துவிட்ட மணியை நான் எப்படித் திரும்ப வாங்குவேன்?

மறுநாள் உன் ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார்கள். சாமியார் உன் மடத்துக்கு அனுதாபக் கடிதம் எழுதுகிறேன் என்றார். நானே எழுதிவிட்டேன் என்று சொல்லித் தடுத்தேன். அப்பாவின் சிலுவையில் உன் பெயரையும் வெட்டுவதற்கு ஊராரே ஆள் அனுப்பிவிட்டார்கள். போட்டோவுக்குச் சாமந்தி மாலை போட்டு, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறார்கள். நேற்று குப்பம்மாள் வந்து, சிஸ்டரை வேண்டிக்கொண்டேன், ஒற்றைத் தலைவலி விட்டுவிட்டது என்கிறாள். அவள் நம் வேதக்காரிகூட இல்லை.

நான் திருட வேண்டும் என்று நினைத்துத் திருடவில்லை, செல்வி. இந்தப் பொய் கையில் வந்து விழுந்தது, கீழே போடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று இரண்டு தடவை போய், வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வந்தால் நான் இந்தப் பங்கில் நடமாட முடியாது. என் வேலையும் மிஷன் பள்ளிக்கூடத்தில். நாளைக்குச் சின்னவளை எந்த வீட்டில் மருமகளாக எடுப்பார்கள்? உன் காலில் விழுந்து கேட்கிறேன். வராதே. வேறு எங்கே வேண்டுமானாலும் நன்றாக இரு.

அண்ணன்


விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன்,
3-11-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

மெட்ராஸ் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதை இங்கேயே பெட்டியில் போட்டுவிடுவேன். நாளைக்கு உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்களைச் சங்கடப்படுத்த வரவில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் அந்த அம்மாவுக்கு மருந்து கொடுக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. அப்பாவைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் இங்கிருந்து டவுன் பஸ் ஏறினேன். பஸ் முழுக்கச் சாமந்திப் பூவும் மெழுகுவர்த்திக் கட்டும்தான். கண்டக்டர், “கல்லறைக்கா? எறங்கு எறங்கு, ஜல்தி” என்று எல்லோரையும் போல என்னையும் இறக்கிவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஊரில் கால் வைத்தேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. நானும் தலையில் முக்காடு போட்டிருந்தேன்.

அப்பாவின் சிலுவையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அங்கேதான் கூட்டம் அதிகம். அடியில் என் பெயர் இருந்தது. ‘அருட்சகோதரி லூர்துசெல்வி, ரோமாபுரியில் ஆண்டவருக்குள் துயில்கொண்டார்’ என்று நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் திருத்திய என் போட்டோவையும் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தீர்கள். அரங்கநாதன் கெட்டிக்காரர். அந்த முகம் எனக்கே பயமாக இருந்தது. என் வாயை மூடிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

நான் அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவர்த்திதான் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏற்றி வைத்தேன். சின்னபொண்ணு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்துவிட்டது.

“வெளியூரா கண்ணு?”

“ஆமாங்க.”

“இந்தச் சிஸ்டரு யாருன்னு தெரியுமா? எங்க எதிர்வூட்டுப் பொண்ணு. சின்னதுல என் இடுப்புலதான் கெடக்கும். ரோமாபுரியிலயே உசுரு போச்சு. இப்ப எது கேட்டாலும் குடுக்குறாங்க. நீயும் ஒண்ணு ஏத்து.”

அவளே தன் கட்டிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் இடுப்பில் கிடந்த பிள்ளை நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் நீங்கள் வந்தீர்கள்.

கையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். என்னைப் பார்த்த உடனே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உருகின மெழுகு உங்கள் விரல் மேல் வழிந்தது, நீங்கள் கையை உதறவில்லை. சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏதோ சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“எந்த ஊரும்மா நீங்க? யாருக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்டீர்கள்.

“எங்க அப்பாவுக்கு” என்றேன்.

இராயப்பர் கோயிலில் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று அழுதேனே, கேட்டுவிட்டீர்கள்.

அக்கா கொடுத்த மெழுகுவர்த்தியை உங்களுடையதிலிருந்துதான் பற்றவைத்துக்கொண்டேன். நீங்கள் கையைத் தாழ்த்திப் பிடித்தீர்கள், காற்று அடிக்காமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டீர்கள். சின்ன வயதில் அம்மா கல்லறையில் எனக்கு அப்படித்தான் பிடிப்பீர்கள் என்று நினைத்தேன். இல்லை, அம்மா செத்தபோது நான் இங்கே இல்லை.

சின்னவள் நன்றாக இருக்கிறாள். அப்பாவின் காது அவளுக்கு. இனி அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பயப்படாதீர்கள். உங்கள் உயிருக்காக என்னைக் கொடுப்பதாக அப்பா நேர்ந்துகொண்டதை நான் பாதியில் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்றுதானே பயந்தீர்கள். இப்போது சிலுவையில் என் பெயரை வெட்டி நீங்கள் முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள். மாதாவுக்குப் பாக்கி ஒன்றும் இல்லை.

சின்னபொண்ணு அக்கா எது கேட்டாலும் கிடைக்கும் என்றதால், நானும் அந்தப் போட்டோவைப் பார்த்து ஒன்று கேட்டேன். அண்ணன் ஒரே ஒரு தடவை, யாருக்கும் கேட்காத மாதிரியாவது, ‘செல்வி’ என்று கூப்பிடட்டும் என்று கேட்டேன்.

மெழுகுவர்த்தி எரிந்து தீரும் வரை நின்றிருந்தேன். நீங்கள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டீர்கள்.

தங்கை